தண்ணீர் ஊற்றியே கெடுக்கும் முட்டைகள்: வீட்டு இன்குபேட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“முப்பது முட்டை வெச்சேன், ஒன்பதுதான் பொரிச்சுது. மிச்சத்தை உடைச்சுப் பார்த்தா முழுக் குஞ்சும் உள்ளேயே செத்துக் கிடக்கு. ஈரம் பத்தலையாண்ணே? அடுத்த தடவை இன்னொரு கிண்ணம் தண்ணி வைக்கட்டுமா?”

தெர்மாகோல் பெட்டியில் நாட்டுக்கோழி முட்டையைப் பொரிக்க வைக்கும் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இது. இன்று இதில் கை தேர்ந்தவர்களும் முதல் சில தடவைகளில் இதே முடிவுக்கு வந்து முட்டைகளைப் பறிகொடுத்தவர்கள்தான். கழுவிய முட்டை, கீறல் விட்ட முட்டை, திருப்பிவிட மறந்த முட்டை என்று எல்லோருக்கும் தெரிந்த பிழைகளை இங்கே விட்டுவிடுவோம். கருவுள்ள நல்ல முட்டையும் ஒழுங்கான பெட்டியும் இருந்தும் பொரிப்பைக் கெடுக்கும் பிழைகளைத்தான் பேச வேண்டியிருக்கிறது. அவற்றில் முதல் இடம் அந்த இரண்டாவது கிண்ணத்துக்கு.

முதல் 18 நாளும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது

கோழி முட்டை பொரிய 21 நாள். முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை இழந்தாக வேண்டும். அந்த எடை முழுக்க, ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே ஆவியாகிப் போகும் தண்ணீர். அது போகப் போக முட்டையின் அகலமான முனையில் காற்றறை பெரிதாகும். ஓட்டைக் கொத்துவதற்கு முன்னால் குஞ்சு இந்தக் காற்றறையின் சவ்வைத்தான் குத்தித் திறக்கிறது. முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. காற்றறை சிறுத்திருந்தால் மூச்சுக்கு இடமில்லை. மிஞ்சிய நீர் மூக்கில் ஏறி, ஓட்டில் கீறல் விழும் முன்பே குஞ்சு செத்துவிடும்.

உடைத்துப் பார்ப்பவர் கண்ணில் படுவது முழுதாக வளர்ந்த செத்த குஞ்சு ஒன்றே. சவ்வு காய்ந்து ஒட்டிக்கொண்டதால் வெளியே வர முடியவில்லை என்று நினைத்து, அடுத்த தடவை ஈரத்தைக் கூட்டுகிறார். அந்தத் தடவை இன்னும் குறைவாகப் பொரிக்கிறது. மறுபடியும் கூட்டுகிறார். மூன்று தடவைக்குள் கிட்டத்தட்ட 90 முட்டையும் இரண்டு மாதமும் போய்விடுகின்றன. யாரிடம் கேட்டாலும் உடைத்த முட்டைக்குள் என்ன இருந்தது என்று விசாரிக்காமலே “தண்ணியைக் கூட்டு” என்று சொல்லிவிடுவது உண்மையிலேயே எரிச்சலைத் தருகிறது.

விடை அந்த முட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஈரம் மிகுந்து செத்த குஞ்சு ஓட்டை அடைத்துக்கொண்டு, உடம்பு ஊதி, கொழகொழவென்றிருக்கும். உடைத்ததும் நீர் வழியும். காற்றறை சிறியதாக இருக்கும். ஈரம் குறைந்து செத்த குஞ்சு சிறுத்திருக்கும். சவ்வு காகிதம்போல் காய்ந்து ரோமத்தோடு ஒட்டியிருக்கும். காற்றறை முட்டையில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டியிருக்கும். பொரியாத முட்டையைக் குப்பையில் போடும் முன் ஐந்தையாவது இப்படி உடைத்துப் பார்த்து எழுதி வையுங்கள்.

ஒருவர் சொல்லும் தண்ணீர் அளவு இன்னோர் ஊருக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பத சதவீதம் இறங்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஐப்பசி மழை நாளில் அறை 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரி ஆனதும் ஈரப்பதம் ஏறக்குறைய 50. முதல் 18 நாளுக்கு வேண்டியது 45 முதல் 50. ஆக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே வேண்டியது வந்துவிட்டது. அதன்மேல் கிண்ணத்தையும் வைத்தால் 65, 70 என்று ஏறிப்போகும். கோவையிலோ தருமபுரியிலோ பங்குனிப் பகலில் அறை 34 டிகிரி, ஈரப்பதம் 35 என்றால் பெட்டிக்குள் 29தான் நிற்கும். அங்கே கிண்ணம் இல்லாமல் முட்டை காய்ந்துவிடும். ஒரே ஊரிலேயே சித்திரைக்கும் கார்த்திகைக்கும் இவ்வளவு வித்தியாசம் வரும்.

தண்ணீர் வைக்க வேண்டியிருந்தால் பார்க்க வேண்டியது அதன் பரப்பை. ஆழமான டம்ளரில் அரை லிட்டர் ஊற்றினாலும் வாய் சிறிதென்றால் ஈரம் ஏறாது. 10 செ.மீ. அகலமுள்ள தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் அதைவிட அதிக ஈரம் தரும். ஈரத்தைக் குறைக்க வேண்டுமா, தட்டில் பாதியை அலுமினியத் தாளால் மூடுங்கள். கூட்ட வேண்டுமா, ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைத் தண்ணீரில் நிற்க வையுங்கள். ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

ஈரப்பதத்தை அளக்கும் மலிவான ஹைக்ரோமீட்டர்கள் 10 சதவீதம்கூடப் பிசகிக் காட்டும். சோதிப்பது சுலபம். பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, களிம்புபோல் ஆகும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விடுங்கள்; உப்பு கரைந்துவிடக் கூடாது. மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத ஜிப் பையில் 8 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 82 காட்டினால், அதன் அளவில் எப்போதும் 7 கழித்துப் படியுங்கள்.

மீட்டரையும் மிஞ்சிய சாட்சி தராசு. வைக்கும் நாளில் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எண்ணும் எடையும் எழுதுங்கள். 45 கிராம் முட்டைகள் 20 என்றால் மொத்தம் 900 கிராம். பிறகு எடைக் குறைவைப் பார்க்கும்போது, ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் சேர்த்தே நிறுங்கள். தனித்தனியாக நிறுத்தால் அந்தத் தராசின் பிழையே கணக்கைக் குழப்பிவிடும். 7-ஆம் நாள் 860 கிராமை ஒட்டி, 14-ஆம் நாள் 822 வாக்கில், 18-ஆம் நாள் 783-க்கும் 801-க்கும் நடுவே இருக்க வேண்டும். 7-ஆம் நாளே 880-இல் நின்றால் தண்ணீரை முழுக்க எடுத்துவிடுங்கள். 840-க்கு இறங்கியிருந்தால் தட்டின் பரப்பைக் கூட்டுங்கள். டார்ச் அடித்துப் பார்த்து கூமுட்டைகளை எடுக்கும்போது, அவற்றின் தொடக்க எடையை மொத்தத்திலிருந்து கழிக்க மறக்காதீர்கள்.

18-ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரத்தை 65 முதல் 70-க்கு ஏற்றுங்கள். அப்போது இரண்டாவது கிண்ணமும் தாராளமாக வைக்கலாம்.

காற்றுத் துளையை அடைப்பது

ஈரம் போகிறது என்று பெட்டியிலுள்ள துளையை அடைக்கிறார்கள். கடைசி வாரத்தில் குஞ்சுகள் மூச்சு முட்டிச் சாகும்.

கண்ட்ரோலர் காட்டும் எண்ணை அப்படியே நம்புவது

மின்விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. விசிறி இல்லாத பெட்டியில் சூடு மேலே தங்குவதால், முட்டையின் மேல்பக்க மட்டத்தில் அளந்தால் 38.5 முதல் 39 வரை இருக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் விசிறி இல்லாத பெட்டியில் 37.5 வைத்தால், முட்டையின் அடிப்பாகம் இரண்டு, மூன்று டிகிரி குளிர்ந்தே கிடக்கும்.

சூட்டுக்கு ஏற்ப பல்பை ஏற்றி அணைக்கும் கருவிதான் கண்ட்ரோலர். பலரும் வாங்குவது டபிள்யூ 1209. அதில் பி1 என்ற அமைப்பு 2 டிகிரியாகத்தான் வரும். 37.5 வைத்திருந்தாலும் பெட்டி 35.5-க்கு இறங்கிய பிறகே பல்பு எரியும் என்று அதற்கு அர்த்தம். பி1-ஐ 0.3-க்கு மாற்றுங்கள். சென்சாரைப் பல்புக்குப் பக்கத்திலோ விசிறிக் காற்றின் நேர் வழியிலோ தொங்கவிடாமல், முட்டைகளுக்கு நடுவே அவற்றின் மேல்மட்டத்தில் கட்டுங்கள்.

சென்சாரின் துல்லியத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி 37 டிகிரியை ஒட்டிய அளவுகளைத் துல்லியமாகக் காட்டும். ஒரு சொம்பில் 37, 38 டிகிரி வெந்நீர் எடுத்து, இரண்டின் முனையையும் ஒட்டி வைத்துக் கலக்குங்கள். வெப்பமானி பீப் அடித்தவுடன் இரண்டையும் படித்து, வித்தியாசத்தைக் கண்ட்ரோலரின் பி4 என்ற அமைப்பில் திருத்துங்கள். பழைய பாதரசக் காய்ச்சல்மானியைப் பெட்டிக்குள் போட்டு வைப்பதில் பயனில்லை. அது ஏறிய உச்சத்திலேயே நின்றுவிடும், இறங்கியதைக் காட்டாது.

ஒரு டிகிரி பிசகு சின்னதாகத் தோன்றலாம். தொடர்ந்து ஒரு டிகிரி கூடினால் 19, 20-ஆம் நாளிலேயே பொரித்து, தொப்புள் மூடாமலும் கால் விரிந்தும் குஞ்சுகள் வரும். ஒரு டிகிரி குறைந்தால் 22, 23 என்று இழுத்து, வயிறு பெருத்துத் துவண்ட குஞ்சுகள் வரும். ஆகவே பொரித்த நாளைக் குறித்து வைத்தாலே வெப்பம் எந்தப் பக்கம் பிசகியது என்று தெரிந்துவிடும்.

எல்இடி பல்பு

போதிய சூடு தராது. இழை உள்ள பல்பு வேண்டும். 60 வாட் ஒன்றைவிட 25 வாட் இரண்டு நல்லது, ஒன்று போனாலும் மற்றது எரியும்.

அடுக்களையில் முட்டை சேர்ப்பது

அறைச் சூடு 24 டிகிரியைத் தாண்டினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு நலிந்து சாகும். இன்குபேட்டரில் வைத்த 4-ஆம், 5-ஆம் நாளில் செத்த கருக்கள் நிறைய இருந்தால் இங்கே சந்தேகப்படுங்கள். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூம்பு முனை கீழிருக்க, 7 நாள் வரை சேர்க்கலாம். கோடையில் 4 நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மின்வெட்டில் கம்பளியால் மூடுவது

முதல் வாரத்தில் சரி. பெட்டியைத் திறக்காமல் கம்பளி போர்த்தினால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். கடைசி வாரத்தில் இதையே செய்வது ஆபத்து. வளர்ந்த கருக்கள் தாங்களே சூடு தருகின்றன. விசிறி நின்ற பெட்டியில் அந்தச் சூடு நடுவே தேங்கும், காற்றும் குறையும். 15-ஆம் நாளுக்குப் பிறகு மின்சாரம் போனால் துளைகளையெல்லாம் திறந்து வைத்து வெப்பத்தைக் கவனியுங்கள். போர்த்துவது அது 35-க்குக் கீழே போன பிறகு.

விரிசல் விட்டதும் மூடியைத் திறப்பது

ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். இந்த நேரத்தில் அது சும்மா இல்லை: மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது, சவ்வின் ரத்தக் குழாய்கள் வற்றுகின்றன. அவசரப்பட்டு ஓட்டைப் பிரித்தால் ரத்தம் கசியும். ஒரு முட்டைக்காக மூடியைத் திறந்தால் 70-இல் நின்ற ஈரம் சட்டென்று இறங்கி, பக்கத்தில் விரிசல் விட்டிருக்கும் முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்து வையுங்கள், பார்ப்பதற்கு அது போதும்.

முதலில் பொரித்த குஞ்சுக்குப் பசிக்குமே என்ற கவலை வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு 24 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். உலர்ந்து பஞ்சுபோல் ஆனவற்றை ஒரே தடவையில் எடுத்து, முன்பே 35 டிகிரிக்குச் சூடாக்கி வைத்த புரூடருக்கு (குஞ்சுகளைச் சூட்டில் வளர்க்கும் பெட்டி) மாற்றுங்கள். விரிசல் விட்ட முட்டைகள் உள்ளேயே இருக்கட்டும்.