மேடைக்கு கொழுந்து தராசு செய்றது எப்டி

தேயிலத் தோட்டத்து நாடகம்னா மடுவத்துல (பறிச்ச கொழுந்த நிறுக்கிற கொட்டகை) கொழுந்து நிறுக்கிற சீன் எப்டியும் ஒன்னு வரும். முள்ளு 20 கிலோவுல நிக்கும், கணக்கப்புள்ள தண்ணிக்கு, கூடைக்குன்னு கழிச்சிட்டு 16ன்னு எழுதுவாரு. அந்த 20ஐ சனம் தன் கண்ணால பாக்கணும், இல்லாட்டி அவரு சொல்ற 16 கேட்டு யாருக்கும் வயிறு எரியாது. நெசத் தராச எரவல் வாங்கி தொங்கவுட்டா சரிவராது, நாங்க மொதல்ல அதத்தான் செஞ்சோம், மூனாவது வரிசைக்கு மேல முள்ளே தெரியல, அதோட நடிப்புக்கு கொண்டுவர்ற கூடையில கடதாசிதான் இருக்கும், அதுக்கு முள்ளு அசையக்கூட அசையாது.

மொதல்ல காட்போட்ல மாதிரி ஒன்னு செய்ங்க. பழைய டீவி பெட்டிய வெட்டி 2 அடி அகலத்துல வட்டம், அதுல 5, 10, 15, 20 மட்டும் உள்ளங்கை அளவுல எழுதுங்க, 25 வர்ற எடமும் பூஜ்ஜியமும் ஒன்னுதான். சின்னக் கோடெல்லாம் வேணாம், தூரத்துல அது அழுக்கு மாதிரிதான் தெரியும். மண்டபத்துல கடைசி பெஞ்சில ஒரு வயசானவங்கள ஒக்கார வச்சி, முள்ளு எங்க நிக்குதுன்னு கேளுங்க. அவங்க சரியா சொன்னப்புறம்தான் அதே அளவுக்கு பலகையில நெச வட்டத்த வெட்டணும்.

இப்ப உள்வேல. இதுலதான் கவனம் வேணும். நடுவுல ஓட்ட போட்டு சைக்கிள் கம்பி ஒன்ன சொருகுங்க, முன்னுக்கு முள்ளு, பின்னுக்கு முடிஞ்சிபோன நூல் கட்ட, ரெண்டும் கம்பியோட இறுக்கமா ஒட்டியிருக்கணும், கம்பி மட்டும் ஓட்டைக்குள்ள லேசா சுத்தணும். கட்டையில ரெண்டு நூல் சுத்துங்க, ஒன்னு எடப்பக்கமா, மத்தது வலப்பக்கமா. ஒன்னுல இறப்பர் பட்டி கட்டுனா முள்ள பூஜ்ஜியத்துக்கு இழுத்துக்கிட்டு வரும், மத்தத தராசு நிக்கிற மூங்கில் கால் வழியா கீழ எறக்கி கணக்கப்புள்ளயா நடிக்கிறவரு கைக்கு எட்டுற மாதிரி வுடுங்க. கட்ட 3 சென்ரிமீட்டர் அகலம்னா ஒரு சுத்துக்கு 9.4 வரும், 20 கிலோங்கிறது அஞ்சுல நாலு பங்கு சுத்து, அப்ப நூல் 7.5 சென்ரிமீட்டர் எறங்குனா போதும். அந்த அளவுல ஒரு முடிச்சு போட்டு, அது தட்டி நிக்க சின்ன ஓட்டையுள்ள தகரம் ஒன்ன மூங்கில்ல அடிச்சிட்டா எத்தன தடவ இழுத்தாலும் 20லயே நிக்கும். முள்ளோட நுனி பாரத்துல கீழ சாஞ்சா முள்ளோட மறுமுனையில ரெண்டு ரூவா காசு ஒன்ன ஒட்டி சமப்படுத்துங்க.

கூடைய நம்பர் வட்டத்துல தொங்கவுடவே கூடாது, பேந்துரும். மூனு மூங்கில் கம்ப தலையில சேத்துக் கட்டி, அங்கருந்து தனிக் கயிறு வட்டத்துக்குப் பின்னால எறங்கட்டும், கூடைக்கு கொக்கி அதுலதான். மேடை வழுக்கும், அதனால கம்போட அடிக்கால் மூனையும் கயிறால இணைச்சிருங்க, பக்கத்துல சின்னப் புள்ளைங்க நடிக்கிறாங்க.

மேல ஒட்டுற பேப்பருக்கு மாப்பசை வேணாம், மழ மாசத்துல காயவே காயாது, பூஞ்சணம் புடிச்சி நாறும். பைண்டர் கம்ல தண்ணி கலந்து மெல்லிசா ஒட்டி, ஒவ்வொரு தட்டும் காஞ்சப்புறம் அடுத்தது. அடுப்புக்கு மேல பரண்ல ரெண்டு நாள் வச்சாப் போதும்.

பெயின்ட் வெள்ளையா பளபளன்னு இருந்தா லைட் பட்டு நம்பர் மறைஞ்சிரும். மினுக்கமில்லாத பெயின்ட் அடிச்சி, டஸ்ட் தேயிலத் தூள்ல கடுஞ்சாயம் ஊத்தி துணியால தடவுங்க, வருசக்கணக்கா மடுவத்துல தொங்குன நெறம் அப்டியே வரும், இது எனக்கு ரொம்பப் புடிச்ச வேல. நம்பரும் முள்ளும் கடும் கறுப்பு.

நடிக்கிறவரு நூல படக்குன்னு இழுக்காம, கூடை கொக்கியில மாட்டுனதும் மெதுவா எறக்கி, முள்ளு நின்னப்புறம் மனசுல மூனு எண்ணிட்டுத்தான் வாயத் தொறக்கணும். நாடகத்தன்னைக்கி மாத்து நூலும் இறப்பர் பட்டியும் சட்டப்பையில இருக்கட்டும்.