"நன்றாக இருக்கிறார்" என்று சொன்னது யார்?

புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சோர்வைப் பற்றி விசாரிக்கும் மேசை எங்களுடையது. புதிதாகச் செவிலியர்கள் வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது என் பொறுப்பு. ஒவ்வோர் அணியும் முந்தைய அணியின் பிழைகளை அச்சுப் பிசகாமல் செய்கிறது. நானும் அந்த வழியாக வந்தவள்தான் என்பதால் கோபித்துக்கொள்ள எனக்கு முழு உரிமை இல்லை. ஆனாலும் கோபம் வருகிறது.

உலை கொதிக்கும் நேரத்தில் அழைப்பது, கோப்பைப் படிக்காமல் பேச்சைத் தொடங்குவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. திட்டு வாங்கி ஒரு வாரத்தில் தாமே திருந்திவிடுவார்கள். திட்டினாலும் திருந்தாதவை வேறு.

இந்தச் சோர்வு வேலை செய்து களைத்த சோர்வு அல்ல. செய்த வேலைக்கும் வரும் களைப்புக்கும் பொருத்தமே இருக்காது. தூங்கி எழுந்தாலும் தீராது. கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வாந்தி நின்று, முடியும் வளர்ந்துவிட்டால் வீட்டார் கண்ணுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. "முடியவில்லை" என்று சொல்வதற்காக மட்டும் அறந்தாங்கியிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ சென்னைக்குப் பஸ் ஏறுவது முடியாதவர்களுக்குத் தண்டனை. அதனால்தான் தொலைபேசி வழியாக இதைச் செய்கிறோம். தொலைபேசிக்கென்று சில பள்ளங்கள் இருக்கின்றன.

"ஓய்வெடுங்கள்" என்று சொல்லி முடிப்பது

அன்பான சொல்தான், ஆனால் இந்த இடத்தில் தவறான சொல். படுத்தே இருந்தால் தசை கரையும். தசை கரைந்தால் எழுந்து நிற்பதே வேலையாகிவிடும். அதனால் இன்னும் படுக்கத் தோன்றும். 2017இல் 'ஜாமா ஆன்காலஜி' இதழில் 113 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை வந்தது. உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் இந்தச் சோர்வை மருந்துகளைவிட நன்றாகக் குறைக்கின்றன என்பது அதன் முடிவு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் குழு 2019இல் சொன்ன அளவு இது: வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு முப்பது நிமிட மிதமான நடை, குறைந்தது பன்னிரண்டு வாரம்.

அதற்காக முதல் அழைப்பிலேயே முப்பது நிமிடம் என்று சொன்னால் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்கள். தெருமுனைவரை போய்த் திரும்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். மறுநாள் உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். "நூறு நாள் வேலைக்குப் போகலாமா?" என்று கேட்பவர்களுக்கு நடைப்பயிற்சி அறிவுரை பதிலாகாது. அங்கே என்ன வேலை, நிழல் உண்டா, நடுவில் உட்கார விடுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

நோயாளியைத் தவிர எல்லோரிடமும் பேசுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தீராத தவறு இதுதான்.

பதிவில் இருக்கும் எண் பல நேரங்களில் நோயாளியுடையதாக இருக்காது. சேர்க்கைப் படிவத்தை நிரப்பியவர் மகன். எழுதியது தன் எண்ணை. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், அம்மா ஊரில் இருப்பார். அழைத்தால் மகன் எடுக்கிறார், பின்னால் இயந்திரச் சத்தம். "அம்மா எப்படி இருக்கிறார்?" "நன்றாக இருக்கிறார், சிஸ்டர்." "சோர்வு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு இருக்கும்?" "ஒரு மூன்று போட்டுக்கொள்ளுங்கள்."

போட்டுக்கொள்கிறார்கள்! காய்கறி எடை போடுவதுபோல் போட்டுக்கொள்கிறார்கள். ஒன்றிலிருந்து மூன்றுவரை லேசான சோர்வு, நான்கிலிருந்து ஆறுவரை மிதமானது, ஏழும் அதற்கு மேலும் கடுமையானது. மூன்று என்று பதிவானால் மேற்கொண்டு விசாரணை கிடையாது, அடுத்த மாதம் அழைத்தால் போதும். நான்கு என்றிருந்தால் காரணம் தேடத் தொடங்கியிருப்போம். மகன் வாய்க்கு வந்த ஓர் எண்ணால் அந்தக் கதவு மூடிவிடுகிறது.

ஓர் அம்மாவின் கோப்பு இப்படித்தான் மாதாமாதம் 'மூன்று' என்று நிரம்பிக்கொண்டிருந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறியவர். ஒரு முறை மகனிடம் வற்புறுத்திப் பக்கத்து வீட்டு எண்ணை வாங்கி, அந்த அம்மாவையே பேச வைத்தோம். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. இரவு எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். படுத்தால் அடைக்கிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறேன் என்றார். பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார், அது ஏதோ செருப்பின் குறை என்பதுபோல. டாக்சோரூபிசின் இதயத் தசையைத் தளர்த்தக்கூடியது. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்துக்கூட அது வெளிப்படலாம். அன்றே மாவட்டத் தலைநகருக்கு அனுப்பி எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. மருந்து தொடங்கியபின் தேறினார், ரேஷன் கடைக்குத் தானே போய் வருகிறார். ஆனால் முன்பே தெரிந்திருந்தால் மீட்டிருக்கக்கூடிய அளவுக்கு மீளவில்லை.

மகன் பொய் சொன்னாரா? இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசுகிறார். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால், பிள்ளை வேலையை விட்டு ஓடிவந்து கூலியை இழந்துவிடக் கூடாது என்று அந்த அம்மா "நன்றாக இருக்கிறேன்" என்கிறார். கேட்டதை அவர் நமக்கு ஒப்பித்தார். துருவிக் கேட்பதற்குச் சம்பளம் வாங்குபவர்கள் நாம்.

ஒரே வீட்டில் இருந்தாலும் இதே கதைதான். கணவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார், மாமியார் கூடத்தில் இருக்கிறார். அந்தப் பெண் என்ன கேட்டாலும் "பரவாயில்லை" என்கிறார். வேறென்ன சொல்வார்? ஆண் நோயாளி என்றால் மனைவி எடுத்து, "சும்மா படுத்தே கிடக்கிறார், நீங்களாவது சொல்லுங்கள்" என்று புகார் வாசிப்பார். அதை வாங்கிக்கொண்டு நம் ஆள் அவருக்குப் புத்திமதி சொல்லத் தொடங்குவார். படுத்துக் கிடப்பது மனச்சோர்வாக இருக்கலாம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள் மருத்துவர்களுக்கானவைதான். ஆனாலும் நோயாளி இல்லாத இடத்தில் பராமரிப்பவருடன் ஆலோசிப்பதற்கு அவற்றில் நிபந்தனைகள் உண்டு. போனை எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி என்று எங்கும் இல்லை.

செய்ய வேண்டியது கடினமல்ல. நோயாளியின் கைக்கு எட்டும் எண்ணை, அது பக்கத்து வீட்டு எண்ணாக இருந்தாலும், அவர் சம்மதத்தோடு முதல் நாளே வாங்கிவிடுங்கள். தனியாகப் பேச எந்த நேரம் தோது என்று கேளுங்கள். பல பெண்களுக்கு அது காலை பதினொரு மணி. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்ற சோர்வு எண்ணைக் கடைசியில் கேளுங்கள். குளித்து முடித்ததும் உட்கார வேண்டியிருக்கிறதா, தலை பின்னும்போது கை சோர்ந்து பாதியில் இறக்குகிறீர்களா, அரிசி களைந்து உலை வைத்தபின் அடுத்த வேலைக்கு நகர முடிகிறதா, போன தீபாவளிக்குச் செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள் என்று முதலில் விசாரியுங்கள். இவற்றுக்குப் பிறகு வரும் எண்ணுக்குத்தான் மதிப்பு உண்டு. வீட்டாரை எதிரியாக்கவும் வேண்டாம். நோயாளியிடம் கேட்டுக்கொண்டு, பிறகு மகனையும் அழைத்துச் சொல்லுங்கள்; எக்கோவுக்குக் கூட்டிப்போகப் போகிறவர் அவர்தான்.

குரல்வளையை அகற்றியவர்களுக்குத் தொலைபேசி அழைப்பே பொருந்தாது. அவர்களிடம் குறுஞ்செய்தியில் கேளுங்கள், பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். பேச முடியாது என்பதற்காக மனைவியிடம் பேசி முடித்துவிடுவது மேலே சொன்ன தவறின் மோசமான வடிவம்.

எல்லாவற்றையும் புற்றுநோயின் கணக்கில் எழுதுவது

கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குத் தைராய்டு மெல்ல மெல்ல மந்தமாவது வெகு சாதாரணம். அவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒரு முறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். பார்க்காமல், "கீமோ போட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்லி வைத்துவிடுகிறார்கள். தைராய்டு மாத்திரை தொடங்கிய பிறகும் சோர்வு தீரவில்லை என்றால், எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். காலைக் காபியோடு சேர்த்தோ, கால்சியம், இரும்பு மாத்திரைகளோடு ஒரே பிடியிலோ விழுங்கினால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது. காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமும், கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரமும் இடைவெளி வேண்டும்.

ரத்தசோகை, கட்டுக்கடங்காத சர்க்கரை, இரவெல்லாம் விழிக்கவைக்கும் வலி ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் மிச்சத்தைச் சிகிச்சையின் தலையில் போடலாம். மனத்தைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறார்கள். "முன்பு பிடித்த எதிலாவது இப்போதும் மனம் போகிறதா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தேவைப்பட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416ஐக் கொடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். செத்துப்போகத் தோன்றுகிறது என்றால் எண்ணைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். அழைப்பை வைக்காமலே மருத்துவரையும் வீட்டாரையும் உள்ளே கொண்டுவாருங்கள்.

டானிக்

ஹீமோகுளோபின் பார்க்காமல் பேச்சே எடுக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே பயிற்சி வீடியோ

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவை எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து வாங்கியவர்களில் பலருக்குப் பாதம் மரத்திருக்கும். செருப்பு காலைவிட்டுக் கழன்றால் தெரிகிறதா என்று கேளுங்கள்; தெரியவில்லை என்பவரை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லும் வீடியோ எங்கே கொண்டுபோய் விடும்? எலும்புக்கு நோய் பரவியவர்கள் முதுகை வளைத்து முறுக்கும் பயிற்சிகளைச் செய்யவே கூடாது; அவர்களுக்கு என்ன பயிற்சி என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் முடிவு செய்யட்டும். பாதுகாப்பானது என்று தெரிந்தவர்களுக்கு, சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில், முப்பது நொடியில் கையூன்றாமல் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். அடுத்த மாதம் அதே நாற்காலியில் மறுபடி எண்ணினால் முன்னேற்றம் அவர்களுக்கே தெரியும்.

வீடியோ அழைப்புக்கு அடம்பிடிப்பது

சிக்னல் கிடைக்க மொட்டைமாடிக்கு ஏறச் சொல்கிறீர்கள். சோர்வைப் பற்றிக் கேட்பதற்காக! குரல் போதும். கால் வீக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மதியத் தூக்கம்

அரை மணி. மூன்று மணிக்கு முன்.

ஏழு என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணை அழைப்பது

கேட்டாயிற்று, உண்மையான எண்ணும் கிடைத்தாயிற்று. அதற்குப் பிறகு அந்த ஏழு யாருடைய பொறுப்பு? பல பதிவேடுகளில் யாருடையதும் அல்ல. சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்காத ரத்தப்போக்கு என்றால் அங்கேயே 108. கீமோ நடந்துகொண்டிருப்பவருக்கு 100.4 டிகிரியைத் தொட்ட காய்ச்சலும், ஒரு கால் மட்டும் திடீரென வீங்குவதும் அன்றே மருத்துவமனையில் பார்க்க வேண்டியவை. மற்றவர்களுக்கு ஊரிலேயே ஆள் தேடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. சென்னையிலிருந்து நாம் கேட்டதை அந்தத் தெருவில் நடக்கும் சுகாதாரத் தன்னார்வலர் ரத்த அழுத்தக் கருவியோடு போய்ச் சரிபார்க்க முடியும். அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவர் எழுதினால், அது எங்கே செய்யப்படும், எந்த நாள், யார் கூடப் போவார், முடிவை யார் படம் எடுத்து அனுப்புவார் என்பதெல்லாம் அழைப்பை வைப்பதற்குள் முடிவாக வேண்டும். போய்வரக் காசு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். நாம் கேட்கவில்லையென்றால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். "அடுத்த மாதம் பார்க்கலாம், சிஸ்டர்" என்பார்கள்.