நாய்க்கு அரிப்பு நிற்கவில்லையா? சாப்பாட்டை மாற்றிப் பார்க்கும் முறை

வருஷம் முழுக்கப் பாதத்தை நக்குகிறது, காதைச் சொறிகிறது, காதுக்குள் அடிக்கடி நாற்றம் என்றால் அது சாப்பாட்டு அலர்ஜியாக இருக்கலாம். ஆனால் உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, பூஞ்சை எல்லாம் இதே மாதிரிதான் அரிக்கும், அதிலும் நம்ம கடலோரப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் முதலில் டாக்டரிடம் காட்டி அவற்றை முடித்துவிடுங்கள். சென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ரொம்ப தூரமில்லை. உணவு அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது என்பார்கள், அதன் முடிவை நம்பி எதையும் நிறுத்த முடியாது. இதுவரை தின்னாத சாப்பாட்டை மட்டும் கொடுத்துப் பார்க்கும் பத்தியம்தான் ஒரே வழி.

அடுத்து ஒரு பேப்பரை எடுத்து, உங்கள் நாய் இதுவரை சாப்பிட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். பெடிகிரி, பால், தயிர்சாதம், டீக்கடைப் பொறை, கோழிக்கால், பீப் பிரியாணி மிச்சம், எதையும் விடாதீர்கள். பெரும்பாலும் நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது மாடு, பால், கோழி, கோதுமைதான்.

இப்போது பட்டியலில் இல்லாத ஒரு கறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையத்தில் பலரும் மீன் கொடு என்பார்கள், ஆனால் காசிமேட்டுப் பக்கம் வளர்ந்த நாய் குட்டியிலிருந்தே மத்தித் தலை தின்றிருக்கும், அதற்கு மீன் புதுசே இல்லை. கறி நல்லதா கெட்டதா என்பது இங்கே விஷயமில்லை, உடம்புக்குப் பழக்கமில்லாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோழி சேராத நாய்க்குக் காடையும் சேராமல் போகலாம். பன்றிக்கறி சாப்பிட்டதே இல்லை என்றால் அது நல்ல தேர்வு. கொழுப்பை நீக்கி நன்றாக வேகவையுங்கள், கூடவே சர்க்கரைவள்ளிக்கிழங்கு. உப்பு, மசாலா கிடையாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வளரும் குட்டிக்கு மட்டும் இதை நீங்களாகச் செய்யாதீர்கள், சுண்ணாம்புச்சத்து குறைந்துவிடும்.

எட்டு வாரம் இதுவும் தண்ணீரும் மட்டும்தான். கஷ்டம் சமையலில் இல்லை, பக்கத்து வீட்டு ஆயாவிடம் இருக்கிறது. பாவம், பிள்ளை இளைச்சுப்போச்சு என்று ஒரு பிஸ்கட்டைப் போட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். தெருவில் கறிக்கடை ஓரம் போகும்போது கயிற்றை இறுக்கிப் பிடியுங்கள். கறிவாசனை சேர்த்த உண்ணி மாத்திரை, பூச்சி மாத்திரைகூட ஆகாது, வேறு வகை கேளுங்கள். அப்புறம், இடையில் அரிப்புக்கு ஊசி போட்டால் அடங்கியது ஊசியாலா சாப்பாட்டாலா என்று தெரியாது, டாக்டரிடம் பத்தியத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அரிப்பு குறைந்ததா? சரி, பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அது பாதிதான். பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்து மறுபடி அரிக்கிறதா பாருங்கள், அரித்தால்தான் அலர்ஜி உறுதி. பத்தியத்துக்குத் திரும்பி அடங்கியபின் கோழி, பால், கோதுமை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கவனியுங்கள். எதில் காது சிவக்கிறதோ அதை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி நிறுத்தினால் போதும், மற்றதெல்லாம் சாப்பிடலாம்.