சுற்றறிக்கை வந்த நாளும் பழைய பதிவேடு மூடப்பட்ட நாளும்: உணவு உதவி நிர்வாகத்தை ஆய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவு உதவித் திட்டங்களின் நிர்வாகத்தை அரசுகள் எவ்வாறு நவீனப்படுத்துகின்றன என்பதை ஆய்வு செய்ய விரும்பும் இளையோர் சிலர், ஆண்டுதோறும் திருகோணமலையில் என் வீட்டுத் திண்ணைக்குத் தங்கள் ஆய்வு முன்மொழிவுகளுடன் வருகின்றனர். ஒருவர் அமெரிக்க மாநிலங்களின் உணவு முத்திரைத் திட்டத்தை (குறைந்த வருமானக் குடும்பங்கள் உணவு வாங்க அரசு கொடுக்கும் உதவி) எடுத்திருப்பார், இன்னொருவர் இந்தியாவின் பொது விநியோக முறையை எடுத்திருப்பார், பெரும்பாலானோர் இலங்கை அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான எங்கள் அஸ்வெசுமவிலேயே நின்றுவிடுவர். கடந்த மாதம் வாசித்த மூன்று முன்மொழிவுகளிலும், நான் இத்துறையில் கால்வைத்த காலத்தில் செய்த பிழைகள் அப்படியே இருந்ததைக் கண்டபோது, அவற்றை எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. வினாக்கொத்து நீளமாக இருப்பது, மாதிரி சிறிதாக இருப்பது போன்றவற்றை உங்கள் மேற்பார்வையாளரே சொல்வார் என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை.

நான்கு மாற்றங்களை ஒரே சொல்லில் கட்டிவிடுதல்

நவீனமயமாக்கல் என்ற சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறுபட்ட காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது தொழில்நுட்பம்: இணையவழி விண்ணப்பம், ஆவணங்களை ஸ்கேன் செய்து வைத்தல், அழைப்பு நிலையம் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது அலுவலக அமைப்பு: ஒரு குடும்பத்துக்கு ஓர் உத்தியோகத்தர் என்ற பழைய ஒழுங்கைக் கைவிட்டு, வேலையைத் துண்டுகளாகப் பிரித்துப் பலரிடம் கொடுப்பது. மூன்றாவது விதிகளை எளிமையாக்குதல்: நேரில் வராமல் தொலைபேசியிலேயே நேர்காணலை முடிப்பது, வருமான மாற்றத்தை அடிக்கடி அறிவிக்க வேண்டிய தேவையைக் குறைப்பது போன்றவை. நான்காவது, விண்ணப்பம் நிரப்பும் உதவியை நூலகங்களிடமும் தொண்டு அமைப்புகளிடமும் ஒப்படைப்பது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இந்த நான்கையும் ஏறத்தாழ ஒன்றாகவே செய்ததுடன், ஊழியர் எண்ணிக்கையையும் பெருமளவு குறைத்தது. அங்கே ஏற்பட்ட நன்மையோ தீமையோ இணைய விண்ணப்பத்தால் வந்தது என்று எழுதுபவர், ஆணம் ருசித்ததற்கு உப்பு மட்டுமே காரணம் என்று சொல்பவரைப் போன்றவர். எது எப்போது எந்த அலுவலகத்தில் மாறியது என்று தனித்தனி நிரல்களாக எழுதாதவரைக்கும் பகுப்பாய்வைத் தொடங்கவே கூடாது.

சுற்றறிக்கைத் திகதியை மாற்றத்தின் திகதியாகக் கொள்ளுதல்

இதுதான் என்னை இன்றும் எரிச்சலூட்டும் பிழை. மூன்று முன்மொழிவுகளிலும் இது இருந்தது. ஏன் இந்தத் திகதியை எடுத்தீர்கள் என்று கேட்டால், சுற்றறிக்கையில் அப்படித்தானே இருக்கிறது என்ற பதிலே வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் மாவட்டத்தில் ஒரு நிவாரணத் திட்டத்தின் பயனாளிப் பட்டியல்கள் கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து கணினிக்கு மாற்றப்பட்ட காலத்தில், அந்த மாற்றம் கொடுப்பனவுத் தாமதத்தைக் குறைத்ததா என்று ஆராயும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. சுற்றறிக்கை ஜனவரி மாதத்தைக் குறிப்பிட்டிருந்தது. நானும் ஜனவரிக்கு முன், ஜனவரிக்குப் பின் என்று கோடு கிழித்து, மூதூரிலிருந்து குச்சவெளி வரை ஆட்களை அனுப்பி, எட்டு மாதங்கள் தரவு சேர்த்தேன். முடிவில் இரண்டு காலங்களுக்கும் இடையே எந்த வேறுபாடும் தென்படவில்லை. கணினிமயமாக்கலால் பயனில்லை என்று இருபது பக்கங்களில் தெளிவாக எழுதி, உத்தியோகத்தர்கள் சிலரை அழைத்து வாசித்தும் காட்டினேன்.

வாசித்து முடித்ததும், ஒரு பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருந்த மூத்த பெண்மணி ஒருவர் கையை உயர்த்தி, "தம்பி, நீங்கள் எந்தக் கணினியைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். ஜனவரியில் வந்த கணினிகள் தங்கள் அலுவலகத்தில் ஜூன் வரை பெட்டியிலேயே இருந்தன என்றும், அவற்றை வைக்க மேசையும் மின் இணைப்பும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். ஜூனுக்குப் பிறகும் பதிவேட்டில் எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ததாகவும், ஆகவே வேலை இரட்டித்ததே தவிர குறையவில்லை என்றும் விளக்கினார். அதைக் கேட்ட இன்னொரு பிரிவின் உத்தியோகத்தர், தாங்கள் சுற்றறிக்கை வருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே சொந்த மடிக்கணினியில் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். நான் கிழித்த கோட்டுக்குப் பின்னால் மாறாத அலுவலகங்களும், முன்னால் மாறிவிட்ட அலுவலகங்களும் கலந்திருந்தன. அந்தக் கலப்பில் உண்மையான வேறுபாடு எவ்வளவு பெரிதாக இருந்திருந்தாலும் கரைந்தே போயிருக்கும். களத்துக்குச் சென்றவர்களுக்குக் கொடுத்த சம்பளம் போனது போனதுதான். அறிக்கையை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் காகித உணவு முத்திரைக்குப் பதிலாக மின்னணு அட்டையைக் கொடுக்கும் முயற்சி 1984இல் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1993இல் மேரிலாந்து மாநிலம் முழுவதும் அட்டைக்கு மாறியது. 1996இல் இயற்றப்பட்ட சட்டம், எல்லா மாநிலங்களும் 2002 ஒக்டோபருக்குள் மாற வேண்டும் என்றது. நாடு முழுவதும் மாறி முடிந்ததோ 2004இல்தான். சட்டத்தின் ஆண்டையோ காலக்கெடுவையோ எடுத்துக்கொண்டு முன்பின் ஒப்பிடுபவர், சில மாநிலங்களில் மூன்றாண்டுகளுக்கு முன் நடந்ததையும் சில மாநிலங்களில் இரண்டாண்டுகளுக்குப் பின் நடக்கவிருப்பதையும் ஒரே பையில் போடுகிறார்.

எங்கள் வரலாற்றிலும் இதே சிக்கல் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய பங்கீட்டு அரிசி 1979இல் உணவு முத்திரையாக மாறியது என்று மாணவர்கள் ஒரு வரியில் எழுதிவிடுகின்றனர். பங்கீட்டைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது 1978இல். முத்திரை வந்தது 1979 செப்டெம்பரில். கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையிலிருந்து ஒரு குடும்பம் விலகியது வருமான வரம்பாலா, முத்திரையாலா என்ற கேள்விக்கு, இரண்டையும் பிரிக்காதவரால் விடை சொல்ல முடியாது. அஸ்வெசும 2023 ஜூலை முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது என்பது காகிதத்தில் சரியானது. ஆனால் முதற் கொடுப்பனவு மக்களின் வங்கிக் கணக்குகளுக்கு வரத் தொடங்கியது ஆகஸ்ட் மாத இறுதியில். ஜூலையில் குடும்பங்களின் உணவுச் செலவை அளந்து, புதிய திட்டத்தால் மாற்றம் இல்லை என்று எழுதுபவர், வராத பணத்தின் விளைவை அளந்திருக்கிறார்.

திகதியைச் சரியாகப் பிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே தகுதி நிர்ணய வேலையைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்து, அழைப்பு நிலையங்கள் வழியாக நடத்தும் ஏற்பாடு 2007 ஒக்டோபரில் சில கவுண்டிகளில் (மாநிலத்துக்குள் உள்ள, எங்கள் மாவட்டம் போன்ற பிரிவுகள்) தொடங்கிப் படிப்படியாக விரிந்தது. எதிர்ப்பும் குழப்பமும் பெருகியதால் 92 கவுண்டிகளில் 59ஐ எட்டியதோடு விரிவாக்கம் நின்றது. 2009இல் ஒப்பந்தமும் முறிக்கப்பட்டது. எந்தக் கவுண்டி எந்த மாதத்தில் மாறியது என்ற பட்டியல் கையில் இருந்ததால்தான், மாறிய 59 கவுண்டிகளையும் மாறாத 33 கவுண்டிகளையும் ஆய்வாளர்களால் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது. மாநிலம் முழுவதற்கும் 2007 என்று ஒரே ஆண்டை இட்டிருந்தால் அந்த ஒப்பீடு பிறந்தே இராது.

ஆகவே என்னிடம் வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஐந்து திகதிகளைத் தேடி எடுப்பது. கட்டளை பிறந்த நாள், கருவி வந்து இறங்கிய நாள், புதிய முறையில் முதற் பதிவு இடப்பட்ட நாள், பழைய பதிவேட்டில் கடைசி வரி எழுதப்பட்ட நாள், புதிய வழியில் முதற் கொடுப்பனவு பயனாளியின் கைக்குச் சேர்ந்த நாள் ஆகியவை அந்த ஐந்து. இவற்றுள் நான் பெரிதும் நம்புவது நான்காவதை. அது எந்த அறிக்கையிலும் இருக்காது. அலுமாரியைத் திறந்து, தூசி தட்டி, பதிவேட்டின் இறுதிப் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். அனுமதி பெற்றுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பாருங்கள். பெயர்களை மறைத்துவிட்டுத் திகதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதலிலேயே மாறிய அலுவலகங்கள் ஏன் முந்தின என்பதையும் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே சுறுசுறுப்பான ஓர் உத்தியோகத்தர் இருந்திருப்பார். அவருடைய உழைப்பின் பலனைக் கணினியின் கணக்கில் எழுதிவிடும் அபாயம் அங்கே உண்டு.

பயனாளி எண்ணிக்கை குறைந்ததை மிச்சம் என்று எழுதுதல்

இண்டியானாவில் புதிய முறை வந்த கவுண்டிகளில், ஓராண்டுக்குப் பின் உணவு முத்திரைப் பயனாளிகள் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. வெறும் நிரலில் பார்த்தால் இது தகுதியற்றவர்களை நீக்கிய வெற்றிபோலத் தோன்றும். அங்கே விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டதற்கு அடிக்கடி பதிவான காரணம் "ஒத்துழைக்கத் தவறினார்" என்பது. அனுப்பிய ஆவணம் தொலைந்தாலும், அழைப்பு நிலையத்தின் தொலைபேசி எடுக்கப்படாவிட்டாலும், அந்தக் காரணமே பதிவாகும். மறுப்புக்கான காரணக் குறியீடுகளைக் கேட்டுப் பெறாமல் எண்ணிக்கையை மட்டும் வாங்கி வருவதில் பயனில்லை. நீக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் நான்கு மாதங்களுக்குள் மீண்டும் விண்ணப்பித்து உள்ளே வந்தனர் என்பதையும் பாருங்கள். அவ்வாறு திரும்பியவர்களுள் பெரும்பாலோர் இடையிலும் தகுதியுடன்தான் இருந்திருப்பர்.

இந்தியாவின் ஜார்க்கண்டில் ஆதார் அடையாளத்தை விரல் ரேகையால் சரிபார்த்து அரிசி கொடுக்கும் முறையைப் பரிசோதனையாக ஆராய்ந்தவர்கள், அந்தச் சரிபார்ப்பு மட்டும் கசிவை, அதாவது பயனாளியைச் சேராமல் வழியிலேயே மறையும் அரிசியை, குறைக்கவில்லை என்றும், அட்டையை முன்பே ஆதாருடன் இணைக்காதிருந்த குடும்பங்கள் பெற்ற பெறுமதி சராசரியாக ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது என்றும் கண்டனர். கடைக்கு அனுப்பும் அரிசியின் அளவை, இயந்திரத்தில் பதிவான விற்பனையைக் கொண்டு அரசு கழிக்கத் தொடங்கிய பின்னரே கசிவு குறைந்தது. அப்போதும் இழப்பின் ஒரு பங்கு பயனாளிகளின் தலையில் விழுந்தது. இயந்திரம் வைத்ததும் இருப்பைக் கழித்ததும் இரு வேறு நாட்களில் நடந்தவை என்பதை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்ததால்தான் இது வெளிப்பட்டது. மீண்டும் திகதிதான்.

பொருளாதாரத்தை மறத்தல்

அமெரிக்காவில் 2007இல் ஏறத்தாழ 2.6 கோடியாக இருந்த பயனாளிகள் 2013இல் 4.7 கோடியைத் தாண்டினர். அதற்குப் பெரும் காரணம் பொருளாதார வீழ்ச்சி. இணைய விண்ணப்பத்தின் வெற்றி என்று அதைக் கொண்டாட வேண்டாம். எங்கள் உணவு முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலையாக வைக்கப்பட்டு, விலைவாசி ஏற ஏறத் தேய்ந்தது; அந்தத் தேய்வை விநியோக முறையின் குறையாக எழுதுவோரும் இருக்கின்றனர். எங்கள் மாவட்டத்தின் கிண்ணியாவை எடுத்துக்கொள்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்பட்டபின், படகுப்பாதைக்குக் காத்திருந்த நேரம் இல்லாமற் போனது. திருகோணமலைப் பட்டினத்துக்கு வந்து திரும்பும் பயணம் சுருங்கியதற்கு எந்தக் கணினியும் காரணமல்ல.

பட்டியல்களைப் பெயரால் இணைத்தல்

எங்கள் மாவட்டத்தில் ஒரே மனிதரின் பெயர் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுமையாகவும் நிற்கும். அடையாள அட்டை இலக்கம் காப்பாற்றும் என்று நம்பினால், பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும், புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கங்களும் இருக்கின்றன. பழையதைப் புதியதாக மாற்றி எழுதாமல் இரு பட்டியல்களை இணைத்தால், ஒருவரே விலகியவராகவும் புதிதாகச் சேர்ந்தவராகவும் இருமுறை எண்ணப்படுவார்.

அமெரிக்க மாநிலத்தை எங்கள் மாகாணத்துடன் ஒப்பிடுதல்

அங்கே உதவித் தொகை நீண்ட காலமாக மத்திய அரசின் பணம், நிர்வாகம் மாநிலத்தின் கையில். இங்கே அஸ்வெசுமவை மாகாண சபை நடத்தவில்லை.

தலைமை அலுவலகத்துடன் பேசிவிட்டுத் திரும்புதல்

கிராம உத்தியோகத்தரைச் சந்திக்காமல் எழுதிய அத்தியாயத்தை நான் வாசிப்பதில்லை.

கொடுப்பனவு வாரத்தில் நேர்காணலுக்குச் செல்லுதல்

செல்லாதீர்கள்.