மரத்துப்போன வாயால் ‘சரி’ சொல்லாதீர்கள்

பல்லின் மேல் தொப்பி மாதிரி மாட்டும் உறை (‘கிரவுன்’) செய்யும் லேப்பில் எனக்கு இது 20ஆவது வருஷம். சிங்கப்பூரின் ஊபியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடம், ஐந்தாம் மாடி. பல் மருந்தகங்களிலிருந்து சின்னப் பெட்டிகளில் வாயின் அச்சு வரும். சில நாள் கழித்து அதே பெட்டியில் உறை திரும்பிப் போகும். இத்தனை வருஷம் உறையோடு குடித்தனம் நடத்திய நானே, என் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட்ட அன்று கோட்டை விட்டேன். டாக்டர் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். “உயரமா இருக்கா?” என்றார். ஊசி போட்டதில் பாதி வாய் மரத்துக் கிடந்தது. வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசரம் வேறு. “சரியா இருக்கு டாக்டர்” என்றேன். அதற்கப்புறம் மூன்று வாரம் மறுபக்கத்திலேயே மென்றேன். இட்லிகூட இடித்தது.

உறை முடிக் கனம் உயர்ந்தாலும் தாடைக்குத் தெரிந்துவிடும். ஆனால் மரத்த தாடைக்குத் தெரியாது. ஊசி போட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள்: “இப்போ தெரியலை டாக்டர், இடிச்சா திரும்பி வரேன்.” இடித்தால் ‘பழகிவிடும்’ என்று விடாமல் இரண்டு மூன்று நாளில் போய்விடுங்கள். இடிக்கிற உறை அடியிலுள்ள பல்லை வலிக்கவைக்கும், எதிர்ப் பல்லையும் படுத்தும். இன்னொன்று: உயரத்தை ராவிச் சரிசெய்த இடத்தை வழவழப்பாக்கித் தரச் சொல்லுங்கள். சொரசொரப்பான பீங்கான் எதிர்ப் பல்லை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். உறையை ஒட்டுவதற்கு முன்பே உயரம் தெரிந்துவிட்டால் இன்னும் நல்லது. லேப்புக்கு அனுப்பினால் மறுபடி உலையில் வைத்து மெருகேற்றித் தருவோம்.

உலோகப் பீங்கான் உறை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டால் மற்ற தவறுகள் தானாகப் புரியும். வந்த அச்சில் வார்த்த பிளாஸ்டர் பல்லின் மேல் முதலில் மெழுகில் ஒரு தொப்பி செய்வோம். அதை வெப்பம் தாங்கும் மாவில் புதைத்து, மெழுகை உருக்கி எரித்துவிட்டு, அந்தக் குழிக்குள் உருகிய உலோகத்தைச் செலுத்துவோம். வெண்கலச் சிலை வார்க்கிற அதே முறைதான். இப்போது பல லேப்களில் கோபால்ட் குரோமியப் பொடியை லேசர் கொண்டு அடுக்கடுக்காக உருக்கியே தொப்பியைச் செய்துவிடுகிறார்கள். எப்படிச் செய்தாலும் தொப்பியின் கனம் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர்தான்.

அதன் மேல் ‘ஒபேக்’ என்கிற வெள்ளைப் பூச்சு. கறுத்த உலோகத்தை மறைப்பது இதுதான். பிறகு பீங்கான் பொடியைக் குழைத்து, தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, லேசாகத் தட்டி, மேலே வரும் ஈரத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் நின்றால் உள்ளே குமிழி விழும். உலையில் 900 டிகிரிக்கு மேல் சுடும்போது பீங்கான் நன்றாகச் சுருங்கும். அதனால் முதலில் பல்லைவிடப் பெரிதாகக் கட்டி, சுட்டு, குறைகிற இடத்தில் மறுபடி கட்டி, மறுபடி சுடுவோம். ஆறும்போது உலோகம் பீங்கானைவிட ஒரு துளி கூடுதலாகச் சுருங்க வேண்டும். அப்போதுதான் அது பீங்கானை இறுக்கிப் பிடிக்கும். பீங்கான் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். இப்படி உலோகத்துக்கு ஈடாக விரிந்து சுருங்கும் பீங்கானுக்கு வைன்ஸ்டீன் என்ற பெயருள்ள இருவரும் இன்னொருவரும் அமெரிக்காவில் 1962இல் காப்புரிமை பெற்றார்கள். இந்த உறை உலகெங்கும் பரவியது அதற்கப்புறம்தான்.

ஆக உலோகம், ஒபேக், பீங்கான் மூன்றும் உட்கார இடம் வேண்டும். முன்பக்கம் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர், மெல்லும் பக்கம் பீங்கான் வருவதானால் 1.5 முதல் 2 மில்லிமீட்டர். “பல்லை ரொம்ப ராவாதீங்க டாக்டர், கொஞ்சமா ராவுங்க” என்று கெஞ்சுபவர்கள் உண்டு. பயம் நியாயம்தான். ஆனால் டாக்டர் மனமிரங்கி 0.8 மில்லிமீட்டரில் நிறுத்திவிட்டால் எங்களுக்கு இரண்டே வழி: பல்லைப் புடைத்துக் கட்டுவது, அல்லது ஒபேக் எட்டிப் பார்க்க, சுண்ணாம்பு பூசின மாதிரி விடுவது. ராவ வேண்டாம் என்றால் உறையே தேவையா, வேறு வழி உண்டா என்று முதலில் கேளுங்கள். பாதி ராவி உறை போடுவது இரண்டும் கெட்டான்.

நிறம் அடுத்த தலைவலி. ‘வீட்டா’ என்கிற நிறுவனத்தின் வழக்கமான நிறப்பட்டியில் 16 நிறங்கள். அதைப் பல்லின் அருகே பிடித்துப் பார்த்து ‘ஏ2’, ‘ஏ3’ என்று எழுதி அனுப்புவார்கள். பல்லை ராவி முடித்த பிறகு நிறம் பார்த்தால் தவறிவிடும். அரை மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருந்தால் பல் காய்ந்து, இருப்பதைவிட வெளுத்துத் தெரியும். அந்த நிறத்துக்கு உறை செய்தால், பல் ஈரமாகிப் பழைய நிறத்துக்குத் திரும்பியதும் உறை மட்டும் தனியாகப் பளீரென்று நிற்கும். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்தவுடன், லிப்ஸ்டிக் துடைத்துவிட்டு, முடிந்தால் சன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியோடு ஒரு புகைப்படமும் வந்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. பல்லை வெளுக்கவைக்கும் எண்ணம் இருந்தால் அதை முன்னாடியே செய்து, இரண்டு வாரம் பொறுத்து நிறம் பாருங்கள். உறை போட்ட பிறகு வெளுத்தால் உறை வெளுக்காது.

சிங்கப்பூரில் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு எது என்று கேட்டால், ஊர்ப்பயணத்தோடு உறையையும் முடித்துக்கொள்ளும் அவசரத்தைச் சொல்வேன். மதுரையில் பத்து நாள் விடுமுறை, அதில் இரண்டு கல்யாணம், ஒரு குலதெய்வக் கோயில், நடுவில் வேர் சிகிச்சையும் உறையும். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாரு போய் வருபவர்களும் இருக்கிறார்கள். அங்கே வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை; அருமையான வேலைகளைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், உறை போட்ட மறுநாள் விமானம். இடித்தாலோ கூசினாலோ அங்கே திரும்ப முடியாது. இங்குள்ள டாக்டருக்கு உள்ளே என்ன உலோகம், வேர் எப்படி அடைக்கப்பட்டது என்று எதுவும் தெரியாது. போவதானால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். எக்ஸ்ரே படத்தையும் உலோகத்தின் பெயரையும் கேட்டு வாங்கி வாருங்கள். அப்புறம், கிளம்பும் முன் இங்கேயும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘சாஸ்’ என்கிற சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் நீல, ஆரஞ்சு அட்டை, மூத்தவர்களுக்கான முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சாஸ் மருந்தகங்களில் நிரந்தர உறைக்குச் சலுகை உண்டு. பலர் அதை விசாரிக்காமலே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

உலோகத்தின் பெயர் என்றேன் இல்லையா, அதை உறை செய்யும் முன்பே கேட்க வேண்டும். மலிவான உறைகளில் நிக்கல் குரோமியம் இருக்கலாம். கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறதா, கைக்கடிகாரத்தின் அடியில் தோல் சிவக்கிறதா? நிக்கல் ஒத்துக்கொள்ளாதவராக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் நிக்கல் இல்லாத கலவையோ, தங்கம் பல்லேடியம் கலந்ததோ, உலோகமே இல்லாத சிர்கோனியா என்கிற வலுவான பீங்கானோ போடலாம். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு ஈறு மாதக்கணக்கில் சிவந்தே இருந்தது. அவர் கவரிங் நகையே போடுவதில்லையாம், அரிக்குமாம். உறை போடும்போது யாரும் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அளவெடுத்த நாளிலிருந்து உறை வரும்வரை தற்காலிக உறை இருக்கும். அதை விளையாட்டாக நினைக்காதீர்கள். டோடோலும் ஜவ்வு மிட்டாயும் அதைப் பிடுங்கிவிடும். ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். கழன்று விழுந்தால் அன்றே கூப்பிடுங்கள். பிடிமானம் இல்லாவிட்டால் பக்கத்துப் பல்லும் எதிர்ப் பல்லும் மெல்ல நகரும். நாங்கள் பிளாஸ்டரில் பார்த்துச் செய்த இடைவெளி அப்போது வாயில் இருக்காது. “லேப் சரியா செய்யலை” என்று திரும்பி வரும் உறைகளில் சில இப்படிப்பட்டவை. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சுயநலமும் உண்டு.

உறை போட்டாச்சு, இனி அந்தப் பல் சொத்தையாகாது என்பது பெரிய நினைப்பு. உறைதான் சொத்தையாகாது. உறையும் பல்லும் சேரும் ஈறோர விளிம்பில் அழுக்குத் தங்கினால் உள்ளே இருக்கும் பல் அரிக்கும். உலோகம் மறைப்பதால் எக்ஸ்ரேயிலும் உள்பகுதி தெரியாது, ஓரம்தான் தெரியும். அந்த விளிம்பில் தினமும் ஃப்ளாஸ் போக வேண்டும். கோப்பி குடித்துவிட்டு ஐஸ் கட்டியைக் கடிப்பது, நண்டு ஓட்டைப் பல்லால் உடைப்பது, இதெல்லாம் பீங்கானைப் பெயர்த்துவிடும். பெயர்ந்ததை வாய்க்குள் வைத்துச் சுட முடியாது. பிசின் வைத்து ஒட்டலாம், நாள்பட நிற்காது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர் என்றால் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டு, டாக்டரிடம் சொல்லி, இரவில் போடும் காப்புத் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உறை கழன்று கையோடு வந்துவிட்டால் கடையில் விற்கும் பசையால் ஒட்டாதீர்கள். கழுவி, மூடியுள்ள டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். பல நேரம் அதையே மறுபடி ஒட்டிவிடலாம். டிஷ்யூவில் மட்டும் சுற்றி வைக்காதீர்கள். உணவங்காடி நிலையத்தில் ஒருவர் அப்படித்தான் சுற்றி மேசைமேல் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் பொறுப்பாகத் தட்டை எடுத்துப்போய் வைத்துவிட்டார், டிஷ்யூவும் தட்டோடு போய்விட்டது. மறு வாரம் அவருடைய அச்சு எங்கள் மேசைக்கு வந்தது, ஏ3 நிறம், இரண்டாவது தடவையாக.