உடைந்தது ஓட்டை இருந்ததால் அல்ல: உலோகக் கண்ணாடி முறிவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடைந்த உலோகக் கண்ணாடித் துண்டை (அணுக்கள் படிகமாக வரிசைப்படாமல் கண்ணாடி மாதிரி ஒழுங்கின்றி உறைந்த உலோகக் கலவை) கையில் எடுத்ததும், முறிவுப் பரப்பு பளபளக்கிறது என்பதற்காகவே "சுத்தமான பிளவு, இங்கே உலோகம் கொஞ்சம்கூட நெளியவில்லை" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் 500 மடங்கு பெரிதாக்கினாலும் வழவழப்பாகத்தான் தெரியும். அந்தப் படத்தோடு எழுந்துவிடாதீர்கள். 50,000 மடங்குக்குப் போங்கள். மெக்னீசியம் அல்லது இரும்பு அடிப்படையிலான நொறுங்கும் வகை என்றால், ஈரமணலில் அலை விட்டுப்போன வரிகள் மாதிரி, சில பத்து நானோமீட்டர் இடைவெளியில் மேடுபள்ளங்களும் குட்டிக் குழிகளும் தெரியும். விரிசல் முனைக்குச் சற்று முன்னால் குழிவுகள், அதாவது உலோகத்துக்குள் திறக்கும் நுண்ணிய வெற்றிடங்கள், பிறந்து, விரிசல் அவற்றோடு இணைந்து இணைந்து ஓடியதன் தடயம் என்றுதான் இதைப் பரவலாக விளக்குகிறார்கள்.

சரி, குழியைப் பார்த்தாயிற்று. உடனே எஃகில் படித்த பாடம் நினைவுக்கு வந்து "குழி இருக்கிறதே, அப்படியானால் நன்றாக இழுபட்டுத்தான் முறிந்திருக்கிறது" என்று எழுதுவது அடுத்த தவறு. எஃகில் குழிகள் மாசுத் துகள்களைச் சுற்றி மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்ந்து, நிறைய ஆற்றலை விழுங்கிவிட்டுத்தான் ஒன்றுசேரும். இங்கே அந்த வளர்ச்சிக்கே இடமில்லை, நெளிவு மிக மெல்லிய ஓர் அடுக்கோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் மெக்னீசியக் கண்ணாடிகள் சிலவற்றின் முறிவுத் தாங்குதிறன் (விரிசல் ஓடாமல் தடுக்கும் திறன்) வெறும் 2 மெகாபாஸ்கல்·√மீட்டர் அளவில் நிற்கிறது. ஜன்னல் கண்ணாடியே கிட்டத்தட்ட 1-க்கு வரும். ஆனால் 2011-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகக் குழு செய்த பலேடியக் கண்ணாடி ஒன்று 200-ஐத் தொட்டது.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: ஏற்கெனவே இருந்த ஓட்டையையும் இழுவிசையில் புதிதாகப் பிறந்த குழிவையும் ஒன்றாக்காதீர்கள். வார்க்கும்போது சிக்கிய வாயுக்குமிழி உருண்டையாக, பல மைக்ரோமீட்டர் அளவில், உள்சுவர் வழவழவென்று இருக்கும். அணுக்களுக்கு இடையே உள்ள உபரி இடம் வேறு சங்கதி. அந்த இடம் குறைந்தால் குழிவும் குறையும் என்று நம்பி, கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலைக்கு (கண்ணாடி இளகத் தொடங்கும் வெப்பநிலை) கீழே மணிக்கணக்கில் அனீல் செய்து, அதாவது சூட்டில் வைத்திருந்து, பாருங்கள், பெரும்பாலும் முன்பைவிட மோசமாகத்தான் நொறுங்கும். ஏனென்றால் அணுக்கள் இடம் மாறிச் சறுக்குவதற்கு உதவியதே அந்த உபரி இடம்தான். சறுக்குப் பட்டை (அணுக்கள் கூட்டமாகச் சறுக்கும் மெல்லிய அடுக்கு) எளிதாகக் கிளம்பினால் விரிசல் முனை மழுங்கும். கிளம்பாவிட்டால் மூன்று திசையிலும் இழுக்கும் விசை ஏறிக்கொண்டே போய், அணு அளவில் பலவீனமான இடங்கள் திறந்துகொள்ளும். 2011-இல் வந்த கணினி உருவகப்படுத்தலில் இரும்பு-பாஸ்பரஸ் கண்ணாடி குழிவுகளால் முறிந்தது, தாமிரம்-சிர்கோனியம் கண்ணாடி சறுக்குப் பட்டைகளால் நெளிந்தது. முதலாவதில் அணு அளவிலான ஏற்றத்தாழ்வு அதிகம் என்பதையே காரணமாகக் காட்டினார்கள்.

பாய்சான் விகிதம் (ஒரு பொருளை இழுக்கும்போது நீளுவதற்கு எதிராக அது எவ்வளவு ஒடுங்குகிறது என்ற அளவு) 0.31–0.32-க்குக் கீழே போனால் நொறுங்கும் என்கிற விதி நல்ல வழிகாட்டிதான், ஆனால் அதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், ஒரே கலவைகூடக் குளிர்ந்த வேகத்தைப் பொறுத்து மாறும்.

அப்புறம் சோதனை முறை. சின்ன உருளையை அழுத்திப் பார்த்து "தாங்குகிறது" என்று முடிவு கட்டவே கூடாது, அழுத்தும்போது குழிவு திறக்கவே வழியில்லை. வெட்டு போட்ட சட்டத்தை வளைத்துச் சோதியுங்கள், முடிந்தால் களைப்பு விரிசல் (திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி உண்டாக்கும் கூர்மையான விரிசல்) ஒன்றை முன்கூட்டியே வளர்த்துக்கொண்டு. மழுங்கிய வெட்டில் வரும் எண் நிஜத்தைவிடப் பெரிதாக இருக்கும், ஆகவே முனையின் ஆரம் எவ்வளவு என்பதையும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.