ஈஎஸ்பி32-ல் புரோகிராம் ஏறவில்லையா? போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்

குடியாத்தம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிணற்று மோட்டாருக்கு ஈஎஸ்பி32 (புரோகிராம் ஏற்றி ஓட்டும், வைஃபை உள்ள குட்டி கன்ட்ரோல் போர்டு) வைத்துக் கொடுத்திருந்தேன். தோப்புக்கார அண்ணன் ஒருநாள் போன் செய்து, "தம்பி, நீ அனுப்பின அப்டேட்ட லேப்டாப்புல மாட்டிப் போட்டேன், ஏறவே இல்ல, போர்டு செத்துப்போச்சு. வேலூர் போய் வேற வாங்கியாரட்டுமா?" என்றார். வேண்டாம் அண்ணே, அப்படியே வையுங்கள் என்றேன்.

ஏனென்றால் புரோகிராமை உள்ளே வாங்கும் பூட்லோடர் அந்தச் சிப்பின் ரோமிலேயே, அதாவது மாற்றி எழுத முடியாத மெமரியிலேயே, பதிந்திருக்கிறது. நாம் ஏற்றும் எதுவும் அதை அழிக்காது. பாதியில் கரண்ட் போய் பிளாஷ் (நம் புரோகிராம் உட்காரும் மெமரி) அரைகுறையாக நின்றாலும் மறுபடி முதலிலிருந்து ஏற்றலாம்.

முதலில் கேபிள். லேப்டாப்பில் புரோகிராம் ஏற்றும் சாஃப்ட்வேரின் போர்ட் லிஸ்டில் பெயரே வரவில்லை என்றால் பெரும்பாலும் அது சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள், உள்ளே டேட்டா ஒயரே இருக்காது. போனிலிருந்து போட்டோ காப்பி செய்ய முடிகிற கேபிளாகப் பார்த்து மாட்டுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் யுஎஸ்பி சாக்கெட் பக்கத்துக் குட்டிச் சிப்பைப் பாருங்கள், சிபி2102 அல்லது சிஎச்340 என்றிருக்கும், அதற்கான டிரைவரைப் போடுங்கள். லினக்ஸ் என்றால் உங்கள் யூசர் டயல்அவுட் குரூப்பில் (அந்தப் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள குரூப்) இருக்க வேண்டும்.

போர்ட் தெரிகிறது, ஆனால் 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடி நின்றுவிடுகிறதா? புள்ளி ஓடும்போது பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், எழுத ஆரம்பித்ததும் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் இதே பாடு என்றால் ஈஎன் பின்னுக்கும் (போர்டை ரீசெட் செய்யும் பின்) கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வையுங்கள், மைனஸ் கால் கிரவுண்டில். பாதியில் அறுந்தால் ஏற்றும் வேகத்தை 921600-லிருந்து 115200-க்கு இறக்குங்கள்.

அண்ணனுக்கு இதெல்லாம் செய்தும் ஏறவில்லை. மோட்டார் சப்ளையை மெயினில் ஆஃப் செய்யச் சொல்லிவிட்டு (இதைச் செய்யாமல் பேனலில் கை வைக்கவே கூடாது), சீரியல் மானிட்டரை (போர்டு அனுப்பும் செய்திகளை லேப்டாப்பில் காட்டும் ஜன்னல்) 115200 வேகத்தில் திறக்கச் சொன்னேன். 'பிளாஷ் ரீட் எர்ர்' என்று திரும்பத் திரும்ப ஓடுகிறது என்றார். உடனே, "தொட்டி நிறைஞ்சிருக்கா அண்ணே?" என்று கேட்டேன். நிறைந்திருந்தது. தொட்டியின் மிதவை சுவிட்சை நான் 12-வது பின்னில் கொடுத்து, 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கே ரெசிஸ்டரும் போட்டிருந்தேன். தண்ணீர் குறைவாக இருந்தால் சுவிட்ச் கிரவுண்டில் சேரும், சிக்கல் இல்லை. தொட்டி நிறைந்தால் திறந்துகொள்ளும், பின் ஹையாகும், அந்த நிலையில் ரீசெட் ஆனால் சிப் பிளாஷுக்கு 1.8 வோல்ட் என்று எடுத்துக்கொள்ளும். 3.3 வோல்ட் பிளாஷ் அதில் வேலை செய்யாது. ஒயரை உருவினார், ஏறிவிட்டது. இப்போது அந்தச் சுவிட்ச் 27-ல் இருக்கிறது. நீங்களும் 0, 2, 12 மூன்றிலும் எதையும் மாட்டாமல் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், அப்புறம் மற்ற சந்தேகம்.

'பிரௌன்அவுட்' என்று வந்தால் கரண்ட் பற்றவில்லை. வைஃபை எழும் நேரத்தில் போர்டு சட்டென்று நிறைய இழுக்கும். ரிலேயைக் கழற்றிவிட்டு, குட்டையான தடித்த கேபிளில் போடுங்கள்.

வைஃபை வழியாக அனுப்பும் அப்டேட்டில் இவ்வளவு பயம் வேண்டாம். அது பிளாஷில் பழைய புரோகிராமைத் தொடாமல் பக்கத்து இடத்தில்தான் எழுதும், முழுதாக முடிந்த பிறகே மாறும், நடுவில் அறுந்தால் பழையதே ஓடும். ஆனால் 4 எம்பி போர்டில் வழக்கமான அமைப்பில் ஒரு இடத்துக்கு 1310720 பைட்தான். அதற்கு மேல் போனால் 'மினிமல் ஸ்பிஃப்ஸ்' பார்ட்டிஷனுக்கு (புரோகிராமுக்கு அதிக இடம் விடும் பிளாஷ் பிரிப்பு) மாற வேண்டும், அந்த மாற்றம் வைஃபையில் ஏறாது, கேபிள்தான். அதனால் போர்டை தோப்புக்கு எடுத்துப் போகும் முன்பே வீட்டு மேசையில் வைத்து அதை ஒரு தடவை ஏற்றிவிடுங்கள்.